நாளும் கோளும் நிரலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

      

புலவர்களும் இசைவாணர்களும் ஏறி நின்ற இம்மேடையில், கணினிக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் என்னையும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். "தொழில்நுட்பம், அரசியல், சமயம் ஆகிய மூன்றைப் பற்றியும் உமது உள்ளத்தில் தோன்றுவதைக் கூறுக" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். விருந்தினர் கூடியுள்ள வீட்டில் இம்மூன்றனுள் முதலாவதைப் பேசினால் விழித்திருப்போர் உறங்குவர். மற்ற இரண்டைப் பேசினாலோ உறங்குவோரும் எழுந்து வாதிடுவர். ஆகவே, மூன்றும் ஒருங்கே குடியிருக்கும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அது நம் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் ஆணியில் தொங்குவது. நாள்தோறும் ஒரு தாள் கிழிக்கப்படுவது. அதுவே நாள்காட்டி.

அத்தாளைச் சற்று உற்று நோக்குங்கள். அரசு விடுமுறை சிவப்பு எழுத்தில் இருக்கிறது, அஃது அரசியல். ஏகாதசியும் கிருத்திகையும் இருக்கின்றன, அவை சமயம். திதி முடியும் நாழிகை இருக்கிறது, அது கணக்கு. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. அச்சிட்டது யாவும் வானத்திலிருந்து இறங்கி வந்ததாகவே எண்ணிவிடுகின்றோம்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. "இவ்வாறாயின் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்" என்று அடுக்கிச் செல்வதே அதன் இயல்பு. கணினி அக்கட்டளைகளின் பொருளை உணர்வதில்லை. வரிசையாக நிறைவேற்றுகிறது, அவ்வளவே. இது மேலை நாட்டார் புதிதாகக் கண்டது என்று நம் பிள்ளைகள் எண்ணக்கூடும். 1825ஆம் ஆண்டில் சென்னையில் ஜான் வாரன் என்னும் ஐரோப்பியர் 'கால சங்கலித' என்றொரு நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அக்கணிதர் கையில் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபாடு காணப்பட்டது. அதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. வானநூற் கொள்கைகளில் அவருக்கு எவ்வித அறிவும் இல்லை என்று வாரன் கூறுகிறார். கொள்கையை அறியாமலே முறையை வழுவாது பின்பற்றி விடையைக் கண்டார் அவர். இன்று நம் மேசை மீதிருக்கும் கணினி செய்வதும் அதுவேயன்றோ! எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தந்து, வாக்கியமாகக் கோத்து, 248 வாக்கியங்களில் திங்களின் இயக்கத்தை அடக்கி வைத்த முன்னோரே நிரல் எழுதியவர்கள். சோழி பரப்பியவர் அதை இயக்கியவர்.

இனி அந்நிரலின் உள்ளே புகுவோம். கதிரவன் மேட இராசியில் புகும் கணமே சித்திரைப் பிறப்புக்கு அடிப்படை. அக்கணம் ஒன்றுதான். ஆயினும் அது பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்நாள் முதல் நாள்? தமிழர் வழக்கின்படி, கதிரவன் மறைவதற்குள் இராசியில் புகுந்துவிட்டால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்தபின் புகுந்தால் மறுநாள். மலையாளத்தார் வழக்கிலோ எல்லை மாலை அன்று. பகல் முப்பது நாழிகையில் பதினெட்டு நாழிகைக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குள், புகுந்தால்தான் அன்று. ஒடியர்கள் எந்நேரம் புகுந்தாலும் அன்றையே கொள்வர். நம்மைச் சூழ்ந்து வாழும் வங்கப் பெருமக்களுக்கோ நள்ளிரவே எல்லை. நள்ளிரவுக்கு முன் புகுந்தால் மறுநாள், பின் புகுந்தால் அதற்கும் அடுத்த நாள். ஆகவே, பிற்பகல் மூன்று மணிக்குக் கதிரவன் புகுந்தால் தமிழனுக்கும் ஒடியனுக்கும் அன்று. மலையாளிக்கும் வங்காளிக்கும் மறுநாள். கதிரவன் ஒருவன், கணம் ஒன்று, நாள் இரண்டு. "அடுத்த வீட்டாருக்கு நாளைக்குத்தானே புத்தாண்டு, நமக்கு மட்டும் ஏன் இன்று?" என்று வினவும் நம் குழந்தைகளுக்கு இதுவே விடை.

இவ்விதிகளுள் எது சரி என்று கணினியைக் கேட்டால் அது விழிக்கும். இராசியில் புகும் கணத்தை அது நொடி பிசகாமல் கூறும். மாலையை எல்லையாகக் கொள்வதா, நள்ளிரவை எல்லையாகக் கொள்வதா என்பதை அதனால் கூற இயலாது. அஃது ஒரு சமுதாயம் தனக்குள் செய்துகொண்ட உடன்பாடு. எண்ணுக்கு உரியது வேறு, உடன்பாட்டுக்கு உரியது வேறு என்னும் இவ்வொரு செய்தியை உங்கள் முன் வைக்கவே நான் எழுந்து நிற்கிறேன்.

உடன்பாடு மாறினால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டுகிறது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி, அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் 15ஆம் நாள் என்று அறிவித்து, பத்து நாட்களை நீக்கினார். பிரெஞ்சுக்காரர் அதே ஆண்டில் ஏற்றனர். ஆங்கிலேயர், போப்பின் கட்டளைக்கு நாம் ஏன் பணிவது என்று 1752 வரை ஏற்கவில்லை. விளைவு யாது? 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய நாள், ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் அதே நாள் செப்டம்பர் 21. ஒரே கடற்கரையில், சில நாள் பயணத் தொலைவில் உள்ள சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பதினொரு நாள் வேறுபாடு! இடையில் வாழ்ந்த தமிழ்க் குடியானவனுக்கோ இரண்டு ஊரிலும் தமிழ்த் தேதி ஒன்றே. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியர் தேதியோடு தமிழ்த் தேதியையும் சேர்த்தே குறித்து வைத்தார்.

இதன் எச்சம் இன்றும் கணினிக்குள் இருக்கிறது. யூனிக்ஸ் என்னும் இயங்குமுறையில் நாள்காட்டி காட்டும் கட்டளை ஒன்று உண்டு. 1752 செப்டம்பரைக் காட்டு என்றால், இரண்டாம் நாளை அடுத்துப் பதினான்காம் நாள் நிற்கும். இடையில் உள்ள பதினொரு நாட்களைக் காணமுடியாது. அமெரிக்காவில் எழுதப்பட்ட அந்நிரல், ஆங்கிலேயர் மாறிய ஆண்டையே உலகுக்கெல்லாம் உரிய ஆண்டாகக் கொண்டுவிட்டது. புதுச்சேரியில் அமர்ந்து அக்கட்டளையை இட்டாலும் அதே விடைதான் வரும். பிரெஞ்சுப் புதுச்சேரியில் அந்நாட்கள் மறையவே இல்லை என்பதை அந்நிரல் அறியாது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் முடிவு ஒன்று, கணித உண்மை போல வேடமிட்டு உலகம் சுற்றுகிறது. இத்தகைய வேடங்கள் நிரல்களில் எத்தனையோ உள.

நாம் வாழும் இக்கொல்கத்தா நகரோ இவ்வரலாற்றில் தனிச் சிறப்புடையது. டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எளிய கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்தவர் மேகநாத சாஹா. விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை உணர வழிசெய்யும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். விடுதலைக்குப் பின் நடந்த முதற் பொதுத் தேர்தலில் இந்நகரின் வடமேற்குத் தொகுதியில் நின்று மக்களவைக்குச் சென்றார். எல்லாம் வேதத்திலேயே உள்ளது என்பாரோடு எழுத்தில் மோதியவர் அவர். அத்தகையவரையே, நாட்டில் வழங்கிய ஏறத்தாழ முப்பது நாட்காட்டிகளையும் ஆராய 1952இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவராக்கினார்கள். விஞ்ஞானமும் அரசியலும் சமயமும் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி அது.

குழு 1955இல் அறிக்கை தந்தது. இரவும் பகலும் ஒத்திருக்கும் நாள் மார்ச்சு 21 அளவில் வருகிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் சித்திரைப் பிறப்பு அதனை ஒட்டியே இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்நாள் விண்மீன்களுக்கிடையே பின்வாங்கிச் செல்கிறது. நம் பஞ்சாங்கங்களோ விண்மீன்களைப் பற்றிக்கொண்டு நின்றன. பழைய சித்தாந்தங்கள் கொண்ட ஆண்டின் அளவும் சில நிமிடம் நீண்டது. இரண்டும் சேர்ந்து, அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம், 23 நாள் பிழை வந்து சேர்ந்தது. அதனால்தான் கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22 அளவிலாயினும் உத்தராயணத்தை நாம் பொங்கலன்று கொண்டாடுகின்றோம்.

குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச்சு 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக அறிவிக்கப்பட்டது. அரசிதழிலும் வானொலியிலும் அது புகுந்தது. அதனைக் காண சாஹா உயிரோடு இல்லை; 1956 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். இந்திய வானிலைத் துறையைச் சார்ந்த வானியல் மையம், இராஷ்டிரீய பஞ்சாங்கத்தை இந்நகரிலிருந்தே பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது. ஆனால், இவ்வவையில் உள்ளோருள் இன்று சக ஆண்டுக் கணக்கில் என்ன தேதி என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? கணக்கில் சிறந்த நாட்காட்டி அது. அரசின் ஆணையும் அதற்குண்டு. எனினும் நம் சமையலறைச் சுவரில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சாஹா இதை முன்னரே உணர்ந்திருந்தார் போலும். சமய விழாக்களைத் திடீரென 23 நாள் நகர்த்துமாறு அக்குழு கூறவில்லை. 23 பாகை 15 கலை என்னும் இடைவெளியை வைத்து, மக்களின் பழைய வழக்கை ஒட்டியே அவற்றைக் கணிக்கச் சொல்லிற்று. கடவுள் நம்பிக்கையைக் கடுமையாக ஆராய்ந்த விஞ்ஞானியின் தலைமையில், நம்பிக்கையுடையோரின் நாட்களுக்கு மதிப்பளிக்கப்பட்டது. இது பணிந்துபோதல் அன்று. கணக்கு எங்கே முடிந்து, உடன்பாடு எங்கே தொடங்குகிறது என்று அறிந்த அறிவு.

அரசியலாரும் அவ்வெல்லையை அறிதல் நன்று. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி அவர்களின் அரசு 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றிற்று. செல்வி ஜெயலலிதா அவர்களின் அரசு 2011இல் அச்சட்டத்தை நீக்கிச் சித்திரையை மீட்டது. இரு பக்கத்தாரும் தத்தம் நியாயங்களை எடுத்துரைத்தனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. நிரல் எழுதுவோன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். தை முதல் நாளைக் காணும் விதியும் சித்திரை முதல் நாளைக் காணும் விதியும் ஒன்றே. ஆகவே என் நிரலில் மாற்ற வேண்டியது ஓர் எண் மட்டுமே. நொடிப் பொழுது வேலை. ஆனால் அம்மாவின் கை வேப்பம்பூவை எந்நாளில் தேடுகிறதோ, அந்நாளை அவ்வாறு மாற்ற முடியவில்லை. வங்கத்திலும் இக்கதை உண்டு. முகம்மது ஷஹிதுல்லா தலைமையில் அமைந்த குழு 1966இல் தந்த பரிந்துரையை ஒட்டி, வங்காளதேசத்தில் பொய்லா வைசாகம் ஏப்ரல் 14 என்று நிலைபெற்றது; இங்கோ அது பெரும்பாலும் ஏப்ரல் 15. மொழி ஒன்று, பாட்டு ஒன்று. ஆயினும் எல்லைக் கோட்டுக்கு இப்பால் ஒரு நாள், அப்பால் ஒரு நாள்.

சமயத்தாருக்கும் ஒரு சொல். நான் கோயிலுக்குச் செல்பவன். ஆதலின் உரிமையோடு கூறுகிறேன். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20ஆம் நாள் கொண்டாடப்பட்டது. திருக்கணிதப்படி அதே பெயர்ச்சி 2023 ஜனவரி 17ஆம் நாளே நிகழ்ந்துவிட்டது. பதினொரு மாத இடைவெளி! தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர், திருக்கணிதமே வானத்தோடு ஒத்தது என்பர். உண்மைதான். ஆனால் அந்நாளில் அக்குளத்தில் மூழ்கி எழுந்த மக்கள் வானநூல் தேர்வு எழுத வந்தவர்கள் அல்லர். தம் பாட்டனும் பாட்டியும் மூழ்கிய துறையில், ஊரோடு கூடி, தம் துயரை இறக்கி வைக்க வந்தவர்கள். அவ்வழிபாட்டுக்கு வாக்கியத்தின் தொன்மையே போதும். அதற்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடுவது தேவையற்றது. அவ்வாறே, விஞ்ஞானத்தின் கணக்கைக் காட்டி அவர்களை எள்ளுவதும் பண்பன்று. ஆனால் "வானத்தில் இன்றுதான் சனி பெயர்கிறது" என்று ஒருவர் கூறினால், அது வழிபாடு அன்று, வானத்தைப் பற்றிய கூற்று. அதனைக் கணக்கால் சோதிக்கலாம்.

இவையெல்லாம் பிறர் கதை என்று எண்ண வேண்டா. நம் சங்கம் உறுப்பினர்களுக்கு நாள்காட்டி அச்சிட விரும்பி, அதற்குரிய நிரலை எழுதும் பணியை என்னிடம் ஒப்படைத்தது. எழுத அமர்ந்ததும் ஒரு வினா எழுந்தது: எவ்வூர்க் கதிரவன்? ஏப்ரல் நடுவில் சென்னையில் மாலை ஏறத்தாழ 6.20க்குக் கதிரவன் மறைகிறான், இங்கோ 5.50 அளவிலேயே மறைந்துவிடுகிறான். கதிரவன் இராசியில் புகும் நேரம் 6.05 என்றால் சென்னைக்கு அன்றே மாதப் பிறப்பு, நமக்கு மறுநாள்! ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதப் பிறப்பு உண்டாதலின், சில ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஏதேனும் ஒரு மாதத்தில் இது நேர்ந்தே தீரும். இராகுகாலமும் இவ்வாறே. திங்களன்று ஏழரை முதல் ஒன்பது என்று சிவகாசி நாள்காட்டியில் காண்கின்றோம். அது கதிரவன் ஆறு மணிக்கு உதிப்பதாகக் கொண்ட கணக்கு. இந்நகரில் ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்னரே விடிந்துவிடுகிறது. அந்நாளில் இராகுகாலம் ஆறரை அளவில் தொடங்கி எட்டே கால் அளவில் முடிந்துவிடும். ஆக, நாம் தவிர்ப்பது ஒரு வேளை, தவிர்க்க எண்ணியது வேறொரு வேளை!

இவ்வினாவை நிர்வாகக் குழுவின் முன் வைத்தேன். "ஊரில் என் தமக்கை கோலமிடும் நாளில்தான் நானும் இடுவேன், சென்னைக் கதிரவனையே கொள்க" என்றார் ஓர் அம்மையார். "நாற்பது ஆண்டுகளாக இங்கே உண்டு உறங்குகின்றோம், நம் பிள்ளைகள் பிறந்தது இம்மண்ணில், நம் விளக்கை ஏற்றும் வேளையை இவ்வூர்க் கதிரவனே கூறட்டும்" என்றார் பெரியவர் ஒருவர். இரண்டு கூற்றிலும் நெஞ்சை உருக்கும் உண்மை இருந்தது. நாம் யார், எவ்வூரார் என்னும் வினாவே அங்கு எழுந்தது. அதற்குக் கணினியிடம் விடை இல்லை. நான் ஒருவனே ஓர் ஊரைத் தேர்ந்து நிரலில் எழுதியிருந்தால் ஒருவரும் அறிந்திருக்க மாட்டீர்கள். "கணினி கணித்தது" என்று ஏற்றுக்கொண்டிருப்பீர்கள். அதுவே என்னை அஞ்ச வைத்தது. கேட்டறியாத ஒருவனின் விருப்பம், அருள்வாக்கின் மதிப்பைப் பெற்றுவிடும்.

இரண்டு மணி நேர வாதத்துக்குப் பின் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மாதப் பிறப்புக்குச் சென்னைக் கதிரவன். ஏனெனில் அது உறவினரோடு ஒன்றும் நாள். உதயம், அத்தமனம், இராகுகாலம் ஆகியவற்றுக்குக் கொல்கத்தாக் கதிரவன். ஏனெனில் அவை நாம் நிற்கும் நிலத்துக்கு உரியவை. இம்முடிவையும், கொண்ட பஞ்சாங்க முறையையும், நாள்காட்டியின் கடைசித் தாளின் பின்புறத்தில் நான்கு வரியில் அச்சிட்டோம். அடுத்து வரும் குழு மாற்ற விரும்பினால் மாற்றலாம். எதை மாற்றுகிறோம் என்றேனும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்பர்களே! இந்நான்கு வரியே நான் வேண்டுவது. இன்று நாள்காட்டி மட்டுமா நிரலால் இயங்குகிறது? குடும்ப அட்டைக்கு அரிசி பெறும் இடத்தில், உழைத்துத் தேய்ந்த முதியவரின் விரல் ரேகை பதியவில்லை என்று பொறி மறுக்கிறது. எத்தனை முறை மறுத்தால் வேறு வழியில் அரிசி தரலாம் என்பது பொறியின் முடிவு அன்று. யாரோ ஒருவர் எழுதிய விதி. நம் பிள்ளைகள் படிவம் நிரப்பும்போது குடும்பப் பெயர் எங்கே என்று கணினி கேட்கிறது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. அக்கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலே செல்ல விடுவதில்லை. உடனே தந்தையின் பெயர் மகளுக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறது. சிலருக்கு ஊரின் பெயரே ஆகிவிடுகிறது. எவருடைய வழக்கையோ எல்லாருக்கும் உரிய வழக்காகக் கொண்ட ஒருவர் எழுதிய ஒரு வரி அது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று பெரிதும் பேசப்படுவதில், தன் விதி யாது என்பதை எழுதியவரே எடுத்துக்காட்ட இயலாத நிலையும் வந்துள்ளது. அத்தகைய பொறியின் கையில் ஒருவரின் வேலையையோ கடனையோ சிறையையோ ஒப்படைக்குமுன் பன்முறை எண்ண வேண்டும்.

ஆதலின், நிரல் எழுதக் கற்கும் இளைஞர்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு "இவ்வாறாயின்" என்னும் சொல்லுக்குப் பின்னும் மக்கள் நிற்கின்றனர் என்பதை மறவாதீர்கள். விதியை மறைக்காமல் எழுதி வையுங்கள். பெரியோர்களே, "கணினி சொல்கிறது" என்று எவரேனும் கூறினால், "எவ்விதியின்படி? அவ்விதியை வகுத்தவர் யார்? அதை மாற்ற யாரிடம் கேட்பது?" என்று வினவுங்கள். அரசு அலுவலகத்திலும் வினவுங்கள், கோயிலிலும் வினவுங்கள், இச்சங்கத்திலும் வினவுங்கள். என்னையும் வினவுங்கள்.